எட்டுக் கொம்புப் பெட்டியும் ஒரு கதவும்

சுவர் இல்லாமல் ஒரு வீடு எப்படி நிற்கும்? சுவர் இல்லாவிட்டால் அதை வீடு என்று ஏன் சொல்லப் போகிறேன், மரத்தடி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேனே. இப்படி நினைத்தாளே தவிர அவள் வாயைத் திறக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இணைய நிறுவனத்தின் தேர்வு வழிகாட்டி, அவள் காதில் விழவில்லை என்று எண்ணிக்கொண்டு கேள்வியை இன்னொரு முறை கேட்டார்.

"உங்க வீட்ல சுவர் இருக்காம்மா?"

"இருக்கு சார்."

அவர் முகம் வாடிவிட்டது. பேனாவை மூடி வைத்தார். குடும்பத்தில் யாருக்கோ தீராத நோய் என்று கேள்விப்பட்டவரைப்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எவ்வளவு நாளா?" என்றார்.

"கட்டினதிலேர்ந்து."

"கவலைப்படாதீங்க. நிறைய பேருக்கு இருக்கு."

அந்தப் பகுதிக்கு இணையம் கொடுப்பது இல்லத் தொடர்புக் கழகம் ஒன்றுதான். வேறு வழி இல்லாததால் எல்லோரும் அதன்மேல் மிகுந்த நம்பிக்கை வைத்திருந்தார்கள். கம்பி தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும். கம்பியில் வருவதை வீட்டுக்குள் பரப்ப ஒரு வைஃபை பெட்டி வேண்டும். அவள் வீட்டுப் பெட்டி ஒரு காலையில் லேசாகப் புகைந்து, பச்சை விளக்கைச் சிவப்பாக்கிப் பார்த்து, அப்புறம் அதையும் அணைத்துக்கொண்டுவிட்டது. கடையில் ஒன்று வாங்கி மாட்டலாம் என்றால் வெளிப் பெட்டியைக் கழகத்துக் கம்பி மதிக்காது. ஃப்யூஸ் போன பல்பைக் காட்டிப் புதியது வாங்குவதைப்போலக் கடைக்குப் போகிற வழியில் முடித்துவிடலாம் என்று, செத்த பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

வந்த பிறகுதான் தெரிந்தது, கழகத்தில் யாரும் பெட்டி வாங்குவதில்லை. தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தெடுப்பது ஒவ்வொரு வாடிக்கையாளரின் உரிமை என்று சுவர் முழுக்க எழுதியிருந்தது. அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் யாரும் நழுவிப் போய்விடாதபடி வாசலில் காவலாளி நின்றார்.

"மத்த இடத்துல பெட்டியைத் தூக்கிக் கையில குடுத்துடுவாங்கம்மா. அது அடிமைத்தனம்," என்றார் வழிகாட்டி. "இங்க நாங்க எதையும் திணிக்க மாட்டோம். உங்களுக்கு எது சரின்னு நாங்க முடிவு பண்ணினதும், அதை நீங்களே சுதந்திரமா தேர்ந்தெடுத்துக்கலாம்."

கண்ணாடிப் பேழைக்குள் மூன்று பெட்டிகள், நகைக்கடையில் வைப்பதைப்போல நீல வெல்வெட்டின்மேல் இருந்தன. கொம்பே இல்லாத சின்னப் பெட்டிக்குச் 'சாந்தம்' என்று பெயர். நான்கு கொம்பு முளைத்திருந்தது 'உற்சாகம்'. எட்டுக் கொம்புடன், கவிழ்த்துப் போட்ட பூச்சியைப்போலக் கால்களை மேலே நீட்டிக்கொண்டிருந்தது 'பெருமிதம்'. அவள் சின்னதைக் காட்டினாள். என் அறையில் வைத்துக்கொள்ள இது போதும் சார் என்றாள்.

"போதும்ங்கிறது ஒரு மனநிலைம்மா. அது தேர்வு ஆகாது."

அதோடு, இணைப்பு அவள் மாமனார் பெயரில் இருந்தது. கழகத்தின் கணக்குப்படி அவர்தான் முதன்மைப் பயனாளர். அவள் சார்புப் பயனாளர். சார்புப் பயனாளர் பெட்டியைப் பார்க்கலாம், விரலால் காட்டலாம், ஆனால் தேர்ந்தெடுக்க முடியாது. வழிகாட்டி அவளைக் குடும்பத்தோடு வரச் சொன்னார். வந்ததற்கு நன்றியாக ஒரு பேனாவும் கொடுத்தார். அது எழுதவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கைபேசியில், அவளிடம் பாடம் கேட்கும் பேருந்து நடத்துநரின் மனைவியிடமிருந்து செய்தி வந்தது. 'பாலம் வரலை டீச்சர். நேத்து வந்துச்சு. இன்னிக்கு வரலை.'

அவள் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். திக்குகிற பிள்ளைகள், தொண்டை அறுவை முடிந்தவர்கள், பக்கவாதத்தில் பேச்சைத் தொலைத்தவர்கள் என்று தூரத்து ஊர்களில் இருப்பவர்களைக் கணினித் திரையில் பார்த்துப் பார்த்து, வாய்க்குள் நாக்கு எங்கே போகிறது என்று கவனித்துச் சொல்லிக்கொடுப்பாள். கைபேசியில் அது நடக்காது. அதில் உதடு முன்னால் அசையும், குரல் பின்னால் ஓடிவரும். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் பேசுவதைப்போல இருக்கும்.

நடத்துநர் முப்பது வருடம் பேருந்தில் நிறுத்தங்களைக் கத்தியவர். அவர் குரலுக்குத் தூங்குகிற பயணி எழுந்து, தன் ஊர் வராமலேயே இறங்கிவிடுவான் என்று அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர், திரும்பி வரும்போது பேச்சு இல்லாமல் வந்தார். பொம்மைப் படங்களைக் காட்டி ஆரம்பித்தபோது அவமானத்தில் தலையைத் திருப்பிக்கொண்டார். அப்புறம்தான் அவளுக்குத் தோன்றியது. அவர் ஓடிய தடத்தின் நிறுத்தங்களையே ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். பாலம். சந்தை. ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடம். கடைசியில் பணிமனை. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் மற்ற சொற்கள் தாமாக ஏறிக்கொள்ளும் என்று அவரிடம் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி வரைக்கும் வந்திருந்தார். இந்த மாதிரிப் பேச்சு, விட்டால் சறுக்கும். இடையில் நிறுத்தினால் நின்ற இடத்தில் நிற்காது, பின்னால் உருண்டு போகும்.

அவரிடம் ஒரு நிபந்தனை இருந்தது. தன் குரல் இப்போது இருக்கிற லட்சணத்தை அவள் ஒருத்தியைத் தவிர யாரும் கேட்கக்கூடாது. மனைவிகூட. அவர் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். அவளும் சாத்துவாள். சாத்தியதை அவர் நம்ப வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு முறையும் மடிக்கணினியைத் தூக்கித் திருப்பித் தன் கதவை அவருக்குக் காட்டுவாள். அதைப் பார்த்த பிறகுதான் அவர் தோள் இறங்கும். இன்று முடியாது என்றால் உள்ளங்கையைக் கவிழ்த்து மேசைமேல் வைப்பார். அவள் ஏன் என்று கேட்க மாட்டாள், கெஞ்ச மாட்டாள். அது அவர்களுக்குள் முதல் நாள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

கதவைச் சாத்துவது அவருக்காக மட்டும்தானா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதும் உண்டு. அந்த வீட்டில் அவள் கை வைத்துச் சாத்துகிற கதவு அது ஒன்றுதான். மற்றக் கதவுகளையெல்லாம் அவள் திறந்துவிடுகிறவள்.

மாமா எடை அளவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரிலுள்ள தராசுகளுக்கெல்லாம் முத்திரை குத்திய கை, பத்து வருடமாகச் சும்மா இருந்தது. கழகம் தன்னைக் குடும்பத்தோடு கூப்பிட்டிருக்கிறது என்று கேட்டதும் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்தார். அவள் கணவன் அரை நாள் விடுப்பு எடுத்தான். அவன் நல்லவன். எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கமும் தலையாட்டி, இரண்டு பக்கத்திலும் நல்ல பெயர் வாங்குகிறவன்.

வழிகாட்டி அவர்களை மாதிரி வீட்டுக்கு அழைத்துப் போனார். பெரிய கூடம். உள்ளே சுவர் ஒன்றுமில்லை. தரையில் மஞ்சள் வண்ணத்தில் கோடு போட்டு, முன்னறை, சமையலறை, படுக்கையறை, குளியலறை என்று எழுதியிருந்தது. நடுவில் ஒரு பீடத்தில் பெருமிதம் எட்டுக் கொம்போடு உட்கார்ந்திருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே ஒரு கோட்டைத் தாண்டிவிட்டாள்.

"அம்மா, அம்மா. அது சுவர்," என்று வழிகாட்டி பதறினார். "கதவு வழியா வாங்க."

அவள் பின்னால் போய்க் கோட்டில் இடைவெளி விட்டிருந்த இடம் வழியாக வந்தாள். மாமா அந்த இடைவெளியில் நின்று, இல்லாத மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். வழிகாட்டிக்கு அவரைப் பார்த்த உடனேயே பிடித்துப் போய்விட்டது.

"எந்த மூலைல நின்னாலும் சிக்னல் முழுசா இருக்கும் சார். நீங்களே நடந்து பாருங்க. எங்க சோதனைல இதுவரைக்கும் ஒரு சுவர்கூடத் தடுத்ததில்ல."

மாமா எல்லா மூலையிலும் நின்று பார்த்தார். கழகம் கொடுத்த கையடக்கக் கருவியில் ஐந்து கோடும் நிமிர்ந்து நின்றது. அவர் பரவசத்தோடு மகனைக் கூப்பிட்டுக் குளியலறைக் கோட்டுக்குள் நிற்க வைத்தார். அவள் வீட்டில் தன் அறை இருக்கிற இடம் இங்கே எது என்று தேடினாள். பின்பக்கம் இடது மூலை. அந்த இடத்தில் தரையில் 'பொருள் அறை' என்று எழுதியிருந்தது.

இங்கேதான் நான் வேலை செய்கிறேன் சார், இந்த அறைக்குத்தான் பெட்டியே வேண்டும் என்று அவள் சொன்னாள். வழிகாட்டி தரையில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அவளை இரக்கத்தோடு பார்த்தார். பொருள் அறையில் மனிதர்கள் இருப்பது உடம்புக்கு நல்லதில்லை என்றார்.

கடைசியில் மாமா நான்கு கொம்பைத் தேர்ந்தெடுத்தார். சாட்சிக்கு நின்ற அலுவலர், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்தானே தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார். மாமா வழிகாட்டியைப் பார்த்தார். வழிகாட்டி தலையசைத்தார். மாமா, ஆமாம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் கணவனும் தட்டினான். அவள் பார்த்ததும் ஒரு கையை மட்டும் நிறுத்தினான்.

பெட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய இல்ல ஆய்வாளர் வந்தாள். சின்ன வயதுப் பெண், மிகவும் மரியாதையானவள். குடும்பத்தின் வாழ்வு மையம் எதுவோ அங்கேதான் பெட்டி என்பது கழகத்தின் விதி. அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரும் வழக்கமாக இருக்கிற இடத்தில் போய் உட்காரச் சொன்னாள். மாமா டிவிக்கு எதிரே தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கணவன் அவருக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தான். அவள் தன் அறைக்குப் போகலாம் என்று எழுந்தாள். அதற்குள் ஆய்வாளர் தண்ணீர் கேட்டாள். சமையலறைக்குப் போய் எடுத்து வந்தாள். மாமா, அந்தப் பெண்ணுக்கு டீ போடேன் என்றார். மறுபடி போனாள். மின்விசிறி சுவிட்சு எது என்று ஆய்வாளர் கேட்டாள். போட்டுவிட்டாள். இப்படியே அளவெடுப்பு முடிந்துவிட்டது.

"உங்களுக்கு நிலையான இடம் இல்லைங்கக்கா," என்றாள் ஆய்வாளர், கருவியைப் பார்த்தபடி. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "வீடு பூரா பரவலா இருக்கீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடத்தில் அவளைப்பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. சொன்னது ஒரு கருவி.

பெட்டி டிவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. மாமாவின் நாற்காலியில் ஐந்து கோடு. சமையலறையில் நாலு. குளியலறையில் ஐந்துக்கு மேலே கருவி இன்னொன்று போடப் பார்த்தது. மாமா அதைத் தன் நண்பர்களுக்கெல்லாம் கைபேசியில் சொன்னார், குளியலறையிலிருந்தே. அவள் அறையில், கதவைச் சாத்தினால் ஒன்றுமில்லை. தடித்த பழைய சுவர். அதற்கு முன்னால் சமையலறையின் இரும்பு அலமாரி, குளிர்ப்பெட்டி. பழைய பெட்டி அவள் மேசைமேலேயே இருந்ததால் இதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

புகார் சொன்னாள். கழகம் புகாரை வரவேற்றது. நான்கு கொம்பு போய் எட்டுக் கொம்பு வந்தது. அதைத் தூக்கிவர இரண்டு பேர் வந்தார்கள். டிவிக்குப் பக்கத்தில் அது நின்ற கோலத்தைப் பார்த்து மாமாவின் நண்பர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இப்போது தெருமுனை டீக்கடையிலும் அவர்கள் வீட்டு சிக்னல் எடுத்தது. எதிர்வீட்டுக்காரர் தடங்கலே இல்லாமல் படம் பார்த்தார். அவள் அறையில் மட்டும், கதவைச் சாத்தினால், திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

நடத்துநரின் மனைவி செய்தி அனுப்பினாள். 'சந்தையும் போச்சு டீச்சர். கேட்டா கோபம் வருது. தட்டைத் தள்ளிவிட்டாரு. எப்ப வருவீங்கன்னு வாசலைப் பாக்குறாரு. நீங்க வாசல் வழியா வரப்போறதில்லன்னு அவருக்குத் தெரியும், ஆனாலும் பாக்குறாரு.'

கதவைத் திறந்து வைத்தால் படம் வரும் என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். மாமாவை நடக்க அனுப்பிவிட்டு, தெருக்கதவைத் தாழ் போட்டுவிட்டு, அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அந்த முகம். இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் உதடு சேர்ந்து பிரியப் பார்த்தது, பாலத்துக்கான முதல் அசைவு. அப்புறம் கண்ணால் கேட்டார், வழக்கம்போல. அவள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். திறந்த கதவு தெரிந்தது, அதற்கப்பால் சமையலறை, அதற்கப்பால் வெளிச்சம்.

"வீட்ல யாருமே இல்லைங்க. சத்தியமா யாருமில்ல," என்றாள்.

அவர் அவளை நம்பாமலில்லை. அந்தத் திறப்பைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. உதடு மூடிக்கொண்டது. கை மெதுவாக வந்து மேசைமேல் கவிழ்ந்தது. அவள் ஒப்பந்தப்படி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அழைப்பை அணைத்தார்கள்.

அடுத்த நாள் அவள் கழகத்தின் தலைமைத் தேர்வாளரைப் பார்க்கப் போனாள். பெரிய அறை. சுவர்கள் தடிமனானவை, கதவு அதைவிட. அவருடைய உதவியாளர் அதைச் சாத்தியதும் வெளியே இருந்த சத்தமெல்லாம் நின்றது. அவள் ஒரு நொடி அந்த அமைதியில் பொறாமைப்பட்டாள். அவர் மேசைமேல் கொம்பில்லாத சாந்தம் ஒன்று, சின்னதாக, பச்சை விளக்கோடு இருந்தது.

அதைக் காட்டியே பேசினாள். என் மேசையில் இப்படி ஒன்று இருந்தால் போதும். பெரியது முன்னறையிலேயே இருக்கட்டும். இது ஒரு துணைப் பெட்டியாக என் அறையில் இருந்தால் கதவைச் சாத்திக்கொள்வேன். ஒரு மனிதர் பேச வேண்டியிருக்கிறது.

தலைமைத் தேர்வாளர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்கும்போது தலையை ஆட்டினார். கேட்டு முடித்ததும் எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். ஏதாவது முக்கியமாகச் சொல்லும்போது அவர் அங்கே போய் நிற்பார் போலும், அந்த இடத்தில் தரை தேய்ந்திருந்தது.

"துணைப் பெட்டி குடுக்கலாம்மா. ஆனா அது மனுஷங்க வசிக்கிற அறைக்குத்தான். உங்களுது பொருள் அறை. பொருளுக்கு நாங்க இணையம் குடுத்தா நாளைக்கு எல்லா பொருளும் கேக்கும். சரி, வசிக்கிற அறைன்னு மாத்தலாமான்னா, அதுக்கு அங்க சிக்னல் இருக்கணும். சிக்னல் இல்லாத இடத்துல யார் வசிப்பாங்க? நான் இருபது வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். எங்க பெட்டில குறைன்னு ஒண்ணு இதுவரைக்கும் நிரூபணமானதே இல்ல. ஏன்னா குறையை விசாரிக்கறதும் நாங்கதான், எங்களைவிட நல்லா யாருக்குத் தெரியும்? உங்க வீட்ல பிரச்சினை சுவர். சுவர் எங்க தயாரிப்பு இல்ல. ஆனாலும் நாங்க கைவிட மாட்டோம். கதவுன்னு ஒண்ணு இருக்கே, அதை வச்சு உங்களுக்கு வெற்றி தேடித் தருவோம்."

கதவைத் திறந்தால் ஆகாது சார் என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள். அவர் அதற்குள் உதவியாளரைக் கூப்பிட்டு, இந்த அம்மா வீட்டை வெற்றி வீடாக எடுத்துக்கொள்ளுங்கள், நானே வருகிறேன் என்றார். உதவியாளர் எழுந்து நின்று அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்.

வெற்றி வீடு என்றால் படம் எடுப்பார்கள். கழகத்தின் பெட்டியால் வாழ்வு மலர்ந்த வீட்டைக் காட்டி, அந்த வீட்டுக்காரர் வாயால் 'திருப்தி' என்று சொல்ல வைத்து, எல்லா மையங்களிலும் போடுவார்கள். மாமா முகம் மழிக்கக் கடைக்கே போய்விட்டு வந்தார். கணவனிடம் அவள் விளக்கிப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்தது. புரிந்ததால் அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒரு நாள்தானே. படம் எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்பா ஆசைப்படறாரு. அவருக்கு வேற என்ன இருக்கு சொல்லு?"

எனக்கு என்ன இருக்கிறது என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் யோசித்துப் பார்த்திருப்பான். யோசித்தும் ஒன்றும் கிடைக்காமல் அவன் நிற்பதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

படம் எடுக்கிற அன்றைக்கு அவள் ரொட்டி வாங்கக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினபோது வாசலில் கழகத்தின் வண்டி நின்றது. முன்னறையில் தலைமைத் தேர்வாளர், வழிகாட்டி, இல்ல ஆய்வாளர், படம் எடுப்பவர் எல்லோரும் இருந்தார்கள். சுவரில் ஒரு கதவு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. யாரோ புதுக் கதவு கொண்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் தாழ்ப்பாளுக்குக் கீழே தன் வளையல் உரசி உரசி விழுந்த கோடு தெரிந்தது.

திறந்து வைத்தால் நாலு கோடுதான் வருகிறதாம். வெற்றி வீட்டுக்கு ஐந்து வேண்டும். கழற்றினால் வருகிறது. முதன்மைப் பயனாளர் சம்மதித்திருந்தார்.

"தச்சர் கீறல்கூட விழாம கழட்டிட்டாரும்மா," என்றார் மாமா. "நானே பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டேன்."

அவள் அறைக்குப் போனாள். கதவு இருந்த இடத்தில் கீல்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே மேசை, நாற்காலி, நாக்கு பல் வரைந்த அட்டை எல்லாம், குளிக்கும்போது யாரோ பார்த்துவிட்டதைப்போலக் கூசி நின்றன. அவளுக்கு எதையாவது எடுத்து அவற்றின்மேல் போர்த்த வேண்டும்போல இருந்தது. அதற்குள் எல்லோரும் அவள் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார்கள். விளக்கு நட்டார்கள். அவளை உட்கார வைத்தார்கள். இணைப்பு எப்படிப் பாய்கிறது என்று படத்தில் தெரிய வேண்டும், யாரையாவது கூப்பிடுங்கள் என்றார் வழிகாட்டி. அவள் அசையவில்லை. ஆனால் அவள் கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது நடத்துநரின் பாட நேரம். எத்தனை நாள் வராமல் போனாலும் அந்த நேரத்துக்கு அவர் பக்கத்திலிருந்து அழைப்பு வந்துவிடும். மடிக்கணினி ஒலித்தது. வழிகாட்டி அவள் தோளுக்கு மேலே கையை நீட்டி ஏற்றுவிட்டார்.

படம் வந்தது. அப்படி ஒரு படத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை. அவர் கன்னத்து நரைமுடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நெற்றியில் வேர்வை தெரிந்தது. அவர் மூச்சு விடுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப்போலக் கேட்டது. தலைமைத் தேர்வாளர், "ஆகா," என்றார்.

நடத்துநர் அவளைப் பார்த்தார். அப்புறம் அவளுக்குப் பின்னால் பார்த்தார். கதவு இருக்க வேண்டிய இடத்தில் மனிதர்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் ஒரு கேமரா.

"பேசச் சொல்லுங்கம்மா சாரை," என்றார் வழிகாட்டி. "வணக்கம் சார். உங்க குரல் எங்களுக்கெல்லாம் எப்படிக் கேக்குதுன்னு பாக்கலாம். ஒரு வார்த்தை பேசுங்க."

எல்லோரும் காத்திருந்தார்கள். முப்பது வருடம் ஒரு பேருந்து நிறைய மனிதர்களைப் பார்த்துக் கத்தியவர், அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கழுத்து நரம்பு ஒருமுறை எழுந்தது. அவள் தன்னையறியாமல் தலையை மிக லேசாக அசைத்தாள், வேண்டாம் என்று. அவர் கை திரைக்குக் கீழிருந்து எழும்பி வந்து, மேசைமேல் கவிழ்ந்தது.

"சத்தம் கட் ஆயிடுச்சா?" என்று தலைமைத் தேர்வாளர் பதறினார். இல்ல ஆய்வாளர் கருவியைப் பார்த்து, ஐந்து கோடும் இருக்கிறது சார், எல்லாம் முழுசாக இருக்கிறது என்றாள். அப்படியானால் பரவாயில்லை என்று அவர் நிம்மதி அடைந்தார். பேசுகிறவர் பேசாமல் இருப்பது கழகத்தின் பொறுப்பு இல்லை. அவர் சொல்லி, கேமரா திரையை விட்டு அவள் பக்கம் திரும்பியது. விளக்கில் கண் கூசியது.

"நீங்க சொல்லிடுங்கம்மா. நீளமா வேண்டாம். உங்க சொந்த விருப்பத்துல, சுதந்திரமா, 'திருப்தி'ன்னு ஒரு வார்த்தை. சார்புப் பயனாளர் சொன்னாத்தான் படத்துக்கு உருக்கம் வரும்."

ஒரு சொல்லை எப்படி வரவழைப்பது என்று அவளுக்குத் தெரியும். அதுதான் அவள் தொழில். நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறத்தைத் தொட வேண்டும். நடுவில் உதடு ஒருமுறை சேர்ந்து பிரிய வேண்டும். மறுபடி நாக்கு பல்லுக்குப் போக வேண்டும். சுலபமான சொல். நல்ல நாளில் நடத்துநருக்கே ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

அவள் நாக்கை இருந்த இடத்திலேயே வைத்திருந்தாள்.

"ஏம்மா, ஒரு வார்த்தைதானே," என்றார் மாமா, கதவு நிலைச்சட்டத்தில் சாய்ந்துகொண்டு. அவள் கணவன் அவருக்குப் பின்னால் நின்று, இரண்டு பக்கமும் பார்த்தான்.

அவள் கேமராவைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள். அவர் இன்னும் அழைப்பை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். இணைப்பு அவ்வளவு தெளிவாக இருந்தது, அவர் கண்ணுக்குள் தன் அறையின் வெளிச்சம்கூட அவளுக்குத் தெரிந்தது. அவள் வலது கையை எடுத்தாள். உள்ளங்கையைக் கவிழ்த்து, அவர் பார்க்க, மேசைமேல் வைத்தாள்.